வாங்க மறுத்துவிட்டார்

ஆலங்கழனி
14-5-1973

தம்பி ரெத்தினத்துக்கு அக்கா அம்சம் எழுதுவது.

சுகமாக இருக்கிறேன் என்று தொடங்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. நம் ஆறு மா நிலம் போய்விட்டது, தம்பி.

உன் அத்தான் வீரையன் பதினான்கு வருஷம் குத்தகைக்கு உழுத நிலம். அவர் பாம்பு கடித்துச் செத்த பிறகு இரண்டு வருஷமாக நான் ஒருத்தியாக நின்று சாகுபடி செய்த நிலம். குத்தகைக்கு உழுகிறவர்கள் பெயரைச் சர்க்கார் பதிவு செய்து கொடுக்கும், பெயர் ஏறிவிட்டால் எவரும் வெளியேற்ற முடியாது என்று மேடைக்கு மேடை சொன்னார்களே, அதை நம்பிப் போன வருஷம் மனுப் போட்டேன். நிலக்காரர் தியாகராசன் ஆட்சேபணை கொடுத்தார். விசாரணைக்கு வரச் சொல்லித் தாலுக்கா ஆபீசிலிருந்து எனக்கு ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் அனுப்பினார்களாம். நான் அதை வாங்க மறுத்துவிட்டேனாம். அதனால் நான் இல்லாமலே விசாரித்து, என் பெயரைத் தள்ளிவிட்டார்களாம். நேற்று கர்ணம் வந்து, தெருமுனையில் நின்றபடி சொல்லிவிட்டுப் போகிறார்.

இன்று காலை தாலுக்கா ஆபீசுக்கு ஓடினேன். ஒரு குமாஸ்தா அந்தக் கவரை எடுத்துத் தூரத்தில் வைத்தே காட்டினார். ஒட்டினது ஒட்டினபடி இருக்கிறது. மேலே சிவப்பு மசியில் 'வாங்க மறுத்துவிட்டார், 8-2-73' என்று எழுதி, நம் ஊர்த் தபாலாபீஸ் முத்திரை குத்தியிருக்கிறது.

"எட்டாந்தேதி நீங்க ஊர்லதான இருந்தீங்க?" என்று கேட்டார்.

"ஊர்லதான் இருந்தேன்" என்றேன். அதை எழுதிக்கொண்டார்.

"அப்பறம் என்ன, நீங்கதான் மறுத்திருக்கீங்க. போங்க" என்றார்.

தபால்காரர் முருகையன் நம் தெருவுக்குள் என்றைக்கு வந்தார்? வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் புங்கமரத்தில் ஒரு டின்னை ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். நமக்கு வரும் தபால் எல்லாம் அதில்தான். பார்த்தவர்கள் எடுத்துவந்து கொடுப்பார்கள், இல்லையென்றால் மழையில் ஊறும். தபாலாபீசோ தியாகராசன் வீட்டு முன்னறை. போஸ்ட் மாஸ்டரும் அவரேதான். சொந்த வீடும் வரும்படியும் உள்ளவராகப் பார்த்துத்தான் கிராமத்தில் அந்த வேலையைக் கொடுப்பார்கள் என்று நீதான் ஒரு தரம் சொன்னாய். நம் ஊரில் அந்த மாதிரி இருக்கிறவர் அவர் ஒருவர்தானே. குத்தகைச் சட்டத்தைச் சென்னையில் போட்டார்கள், சரி. அதை எனக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியது தியாகராசன் வீட்டுத் தபால் பை.

நீ ரயிலில் தபால் பிரிக்கிற வேலையில் இருக்கிறாய். உனக்குத் தெரியாத தபால் சட்டம் இருக்காது. ஒருத்தியைக் கேட்காமலே அவள் மறுத்தாள் என்று எழுத முடியுமா? ஆனியில் தண்ணீர் வந்துவிடும். குறுவைக்கு நாற்று விட வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.

அக்கா
அம்சம்


மாயவரம்
19-5-1973

அக்காவுக்கு ரெத்தினம் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. படித்து அதிர்ந்தேன். ஆனால் கோபத்தில் வாய்க்கு வந்ததை எழுதுகிறாய். இலாகாவைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும்.

முதலில் சட்டத்தைச் சொல்கிறேன். சரியான விலாசம் எழுதி ரிஜிஸ்தர் செய்து அனுப்பிய தபால் உரியவரிடம் சேர்ந்ததாகவே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். 'மறுத்துவிட்டார்' என்று தபாலாபீஸ் எழுதி முத்திரை குத்தினால் அது சாட்சி. நீ கையில் வாங்கிப் படித்ததற்குச் சமம். இல்லை என்றால், இல்லை என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும். இந்த தேசம் முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடுகிறது. ராத்திரி முழுக்க ரயில் பெட்டியில் நின்றபடி நாங்கள் ஆயிரக்கணக்கில் பிரித்துப் போடுகிறோமே, அந்த முத்திரைக்கு மதிப்பு இல்லையென்றால் நாங்கள் எதற்கு?

இரண்டாவது, நீயே ஊரில் இருந்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறாய். அப்படியானால் நடந்தது எனக்குத் தெரிகிறது. வேலைக்குப் புறப்பட்டபோது உன்னிடம் ஒன்று சொன்னேன். தியாகராசன் வீட்டிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் கையெழுத்துப் போடாதே என்று. நான் சொன்னது வெற்றுப் பத்திரங்களை. சர்க்கார் தபாலை அல்ல. தபாலாபீஸ் அவர் வீட்டில் இருப்பதால் ரிஜிஸ்தர் தபாலையும் அவர் நீட்டும் காகிதம் என்று நினைத்துத் தள்ளிவிட்டாய். வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்கிறாய். என் வார்த்தையைக் கேட்டதால் நிலம் போனது என்றால் அந்தப் பழி எனக்கும் உண்டு. ஆனால் உண்மையைச் சொல்.

உத்தரவு கிடைத்த முப்பது நாளைக்குள் ஆர்.டி.ஓ.விடம் அப்பீல் செய்யலாம். 12-6 கடைசி நாள். ஒரு வக்கீலைப் பார்.

இன்னொன்று. இன்லண்டு லெட்டரில் கோந்து தடவியேதான் விற்கிறார்கள். அதை விட்டுவிட்டு ஏன் சோற்றுப் பருக்கையை வைத்து ஒட்டுகிறாய்? பாதி எழுத்து பருக்கையோடு பிய்ந்து வந்துவிட்டது.

வரும் ஆடியில் என் வேலை நிரந்தரமாகும். அதுவரை எந்த வம்பும் வேண்டாம்.

ரெத்தினம்


குடவாசல்
24-5-1973

தம்பி,

மேலே ஊர்ப் பெயரைப் பார். நம் ஊர்ப் பெட்டியில் போடாமல், வெயிலில் ஏழு மைல் நடந்து குடவாசலில் போடுகிறேன். இனி நீயும் 'ரஹ்மத் பீவி, இடியாப்பக் கடை, குடவாசல்' என்று விலாசம் எழுது. சந்தையில் என்னிடம் கீரை வாங்குகிற அம்மாள். நல்ல மனுஷி. பிரிக்காமல் கொடுப்பாள்.

ஏன் என்று கேட்பாய். சோற்றுப் பருக்கை என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தேன். பிறகு அழுதேன். வைகாசி மாதத்தில் என் வீட்டில் சோறு ஏது, தம்பி? உனக்குக் கடிதம் எழுதின அன்றைக்கும் அதற்கு முந்தின நாளும் கேழ்வரகுக் கூழ். நான் நாக்கால் நனைத்துத்தான் ஒட்டினேன். சோறு பொங்குகிற வீட்டில்தான் யாரோ அதைப் பிரித்துப் படித்துவிட்டுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

உன் பதிலும் அப்படித்தான் வந்தது. அதை டின்னிலிருந்து எடுக்கப் போன அன்றைக்குத் தியாகராசன் எதிரே வந்தார். "அப்பீலு போறியாம்ல? பன்னண்டாந் தேதிதான் கடைசியாமே" என்று சிரித்தார். அது உன் கடிதத்தைத் தவிர எங்கே எழுதியிருந்தது? அப்போது நான் அதைக் கையிலேயே எடுத்திருக்கவில்லை!

தேசம் முழுக்க முத்திரையில் ஓடுகிறது என்கிறாய். ஓடட்டும். எங்கள் தெருவுக்கு முன்னால் பாலத்தில் வந்து நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

நான் மறுக்கவில்லை. வெட்கப்பட்டு மறைக்கவும் இல்லை. ரிஜிஸ்தர் தபால் எது, தியாகராசன் பத்திரம் எது என்று தெரியாத முட்டாளா நான்? ஐந்தாம் வகுப்பு வரை உனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது யார்?

எட்டாம் தேதி எங்கே இருந்தேன் என்பதை மட்டும் கேட்காதே. குமாஸ்தாவிடம் ஊரில் இருந்தேன் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு வழி சொல்.

அம்சம்


மாயவரம்
29-5-1973

அக்காவுக்கு,

பருக்கை விஷயத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேலையில் கை ஓடவில்லை. உன்னைச் சந்தேகப்பட்டேன், கடிதத்தைச் சந்தேகப்படவில்லை. தப்புதான்.

தபாலைக் களவாடினாலோ, ஒளித்தாலோ, அழித்தாலோ ஏழு வருஷம் வரை சிறை. தபால் சட்டம் ஐம்பத்திரண்டாம் பிரிவு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். அதைப் படித்த காலத்தில் எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஏழை வீட்டுக் கார்டுக்குக்கூட இவ்வளவு பெரிய காவல் என்று நினைத்தேன். நேற்று அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆறாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தபால் தொலைந்தாலும், மாறிப் போய்ச் சேர்ந்தாலும், தாமதமானாலும் சர்க்கார் பொறுப்பில்லை. வேண்டுமென்று செய்தார் என்று காட்டினால்தான் அந்த ஆள் பொறுப்பு. காட்ட வேண்டியது நாம். புகார் எழுதினால் இன்ஸ்பெக்டருக்குப் போகும். அவர் சம்பந்தப்பட்ட போஸ்ட் மாஸ்டருக்கே அதை அனுப்பி விளக்கம் கேட்பார். தியாகராசனைப் பற்றித் தியாகராசனிடமே கேட்பார்கள்! எந்தப் பக்கம் போனாலும் அந்த முன்னறையில்தான் போய் முடிகிறது.

ஆகவே நன்றாகக் கேள். நம் தெரு ஆட்கள் பத்துப் பேர் வந்து, அம்சம் மறுக்கவில்லை என்று சொன்னாலும் எடுபடாது. முத்திரைக்கு எதிரில் இன்னொரு முத்திரைதான் நிற்கும். எட்டாம் தேதி நீ ஊரில் இல்லை என்பதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டோ, ஏதாவது ஆபீஸ் காகிதமோ இருந்தால் மட்டுமே தப்பிக்கலாம்.

இதை எழுதக் கூசுகிறது. வைக்கோல் ஏற்ற நம் ஊருக்கு வந்த மாயவரத்து வண்டிக்காரர் ஒருவர் சொன்னார். தை கடைசியில் உன் வீடு பத்துப் பன்னிரண்டு நாள் பூட்டிக் கிடந்ததாம். அறுவடைக் காலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போனாய்? யாரோடு போனாய்? என்னிடமே சொல்லக் கூடாத இடம் என்றால் நான் என்ன நினைப்பது? அத்தான் செத்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

ரெத்தினம்


குடவாசல்
2-6-1973

ரெத்தினம்,

தம்பி என்று எழுத வரவில்லை. யாரோடு போனேன் என்றா கேட்கிறாய்? சொல்கிறேன். நாற்பத்து மூன்று பொம்பளைகளோடு போனேன். போலீஸ் லாரியில் போனேன். திருச்சி ஜெயிலுக்குப் போனேன். போதுமா?

தை இருபதாம் தேதி, பிப்ரவரி இரண்டு. அறுவடைக் கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டு, களத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். ஒரு கல் எறியவில்லை, ஒரு கதிரைத் தொடவில்லை. சாயங்காலம் லாரி வந்தது. பதினொரு நாள் உள்ளே இருந்து, பதின்மூன்றாம் தேதி வெளியே வந்தேன். நீ முத்திரை கேட்டாயே, என்னிடம் இருக்கிறது. விடுதலைச் சீட்டு. வட்ட முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் போட்டு, சர்க்கார் கொடுத்தது. எட்டாம் தேதி அம்சம் என் காவலில் இருந்தாள் என்று சர்க்காரின் ஒரு கை எழுதியிருக்கிறது. அதே எட்டாம் தேதி அம்சம் தன் வாசலில் நின்று தபாலை மறுத்தாள் என்று சர்க்காரின் இன்னொரு கை எழுதியிருக்கிறது. இது எப்படிப்பட்ட சர்க்கார்?

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ வேலைக்குச் சேர்ந்தபோது போலீஸ் விசாரணைக்கு வந்தது நினைவிருக்கிறதா? குடும்பத்தில் யாரும் கட்சி, சங்கம், போராட்டம் என்று போனவர்கள் இல்லை, போகவும் மாட்டார்கள் என்று தியாகராசன்தான் எழுதிக் கொடுத்தார். வேலை நிரந்தரமாகும் வரை சங்கத்து ஆட்கள் பக்கமே போகாதே என்று செத்துப்போன அம்மா பேரில் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாய். நான் சத்தியத்தை மீறினேன். களத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்க முடியவில்லை.

ஜெயிலில் பெயர் எழுதும்போது, நெருங்கிய சொந்தக்காரர் யார் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றேன். அண்ணன் தம்பிகூட இல்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

நான் ஜெயிலில் இருந்தது தியாகராசனுக்குத் தெரியாதா? லாரி ஏறும்போது எதிரே நின்று பார்த்தவர் அவர். தெரிந்தேதான் மறுத்துவிட்டார் என்று எழுதச் சொல்லியிருக்கிறார். கர்ணம் வந்து சொன்ன அன்று நேரே அவரிடம் போய்க் கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா?

"தாராளமா சொல்லு, ஜெயிலுக்குப் போயிருந்தேன்னு. நா எழுதிக் குடுத்தது பொய்யின்னு ஆவும். ஒந் தம்பி வேலை என்னா ஆவும்னு மட்டும் யோசிச்சுக்க."

மறுநாள் தாலுக்கா ஆபீசில் குமாஸ்தா கேட்டபோது, என் வாயில் ஊரில்தான் இருந்தேன் என்று வந்தது இதனால்தான். உன் வேலைக்காக என் நிலத்தை நானே தள்ளிவிட்டேன். நீ என்னவென்றால் நான் எவனோடு போனேன் என்று கேட்கிறாய்.

அம்சம்


மாயவரம்
5-6-1973

அக்கா,

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வரியை எழுதின கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம், பெயர் சொல்லாமல் விசாரித்தேன். விடுதலைச் சீட்டு மட்டும் போதாது என்கிறார். ஊரில் இருந்ததாகத் தாலுக்கா ஆபீசில் நீயே சொல்லி, அது எழுத்தில் ஏறியிருக்கிறது. ஏன் அப்படிப் பொய் சொன்னாய் என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்குக் காரணமான ஆள் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தால்தான் நம்புவார்கள். காரணமான ஆள் நான்.

அக்கா, என்னைக் கேவலமாக நினைக்காதே. ஆடி முதல் வாரத்துக்குள் நிரந்தர உத்தரவு வந்துவிடும். அப்பீலை மட்டும் 12-ஆம் தேதிக்குள் போட்டுவை. ஜெயில் சீட்டை அப்புறம் காட்டலாம். வாய்தா வாங்கி நாற்பது நாள் தள்ளினால், நானே வந்து நிற்கிறேன். ஒரு குறுவை போனால் போகட்டும், நிலம் போகாது. நம் தெருவிலிருந்து சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தவன் நான் ஒருவன்தான். அதையும் தியாகராசனுக்குத் தின்னக் கொடுக்க வேண்டுமா?

ரெத்தினம்


ஆலங்கழனி
9-6-1973

ரெத்தினத்துக்கு.

இது கார்டு. இதை நம் ஊர்ப் பெட்டியில்தான் போடுகிறேன். போஸ்ட் மாஸ்டர் படிக்கட்டும், பருக்கையும் மிச்சம்.

பிப்ரவரி 2 முதல் 13 வரை நான் திருச்சி ஜெயிலில் இருந்தேன். சீட்டு என்னிடம் இருக்கிறது, வீட்டில் இல்லை, தேடி வர வேண்டாம். 11-ஆம் தேதி அப்பீல் மனுவோடு அதைச் சேர்த்துக் கொடுக்கப் போகிறேன். நாற்பது நாள் தள்ள முடியாது. நிலம் இந்தக் குறுவைப் பூவில் தரிசாகக் கிடந்தால் அதையே காட்டி, அவள் சாகுபடியே செய்யவில்லை என்பார்கள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டால் பயந்து சொன்னேன் என்பேன். யாருக்காகப் பயந்தாய் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். எனக்குத் தம்பி யாரும் இல்லை. ஜெயில் புத்தகத்தில் முன்பே எழுதியாகிவிட்டது.

அம்சம்


மாயவரம்
14-6-1973

அக்கா,

உன் கார்டு எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லவா? அறை விலாசத்துக்குத்தான் எழுதியிருந்தாய். ஆனால் அன்று ரயிலில் நான் நிற்கிற வரிசைக்கே வந்தது. கட்டைப் பிரித்தேன், மேலாக உன் எழுத்து. பக்கத்தில் நின்றவர் எனக்கு முன்னால் படித்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார்.

யாருக்கும் தம்பி இல்லாதவனாக எனக்கு எந்த வேலையும் வேண்டாம். இத்துடன் என் வாக்குமூலம் இருக்கிறது. நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். லீவு கேட்டேன், மறுத்துவிட்டார்கள். அதனால் விசாரணைக்கு நேரில் வர முடியாது. உன் வக்கீலிடம் கொடு. இதன் நகலை மேலதிகாரிக்கும் நானே அனுப்பிவிட்டேன். தியாகராசன் மூலமாக அவருக்குத் தெரிய வேண்டாம்.

ரெத்தினம்


குடவாசல்
27-6-1973

என் தம்பி ரெத்தினத்துக்கு அக்கா எழுதுவது.

நேற்று விசாரணை முடிந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஆர்.டி.ஓ. ஜெயில் சீட்டையும் அந்தக் கவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு உன் வாக்குமூலத்தை உரக்கப் படிக்கச் சொன்னார். 'என் அக்காள் தாலுக்கா ஆபீசில் சொன்ன பொய், என் உத்தியோகத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய். அந்தச் சத்தியத்தை அவளிடம் வாங்கியவன் நான். குற்றம் என்னுடையது' என்று வக்கீல் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தியாகராசன் முன்னால் அழக்கூடாது என்று எவ்வளவோ பல்லைக் கடித்தேன், முடியவில்லை.

அப்புறம் முருகையனைக் கூப்பிட்டார்கள்.

"எட்டாந்தேதி இந்தம்மா ஜெயில்ல இருந்திருக்காங்க. உங்ககிட்ட எப்படி மறுத்தாங்க?" என்று ஆர்.டி.ஓ. கேட்டார்.

முருகையன் கொஞ்சமும் தயங்கவில்லை. "அது எனக்கு எப்புடிங்க தெரியும்? நா பாலத்து மேல நின்னு ரெண்டு தரம் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். யாரும் வரலிங்க. வரலன்னா மறுத்ததாத்தானங்க அர்த்தம்? எப்பவும் அப்புடித்தான் எழுதுவோம்."

"வீட்டுக்குப் போகலையா?"

"அந்தத் தெருவுக்குள்ளயாங்க?" என்று ஆர்.டி.ஓ.வையே திருப்பிக் கேட்டார், தம்பி. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பதினெட்டு வருஷ சர்வீசுங்க எனக்கு. ஒரு நாள்கூட உள்ள போனதில்லிங்க. யார வேணும்னாலும் விசாரிச்சுக்குங்க!"

முருகையனுக்கு மட்டும் தான் சொன்னது என்னவென்று விளங்கவில்லை. நல்ல பேர் வாங்கிக்கொண்டதாக நினைத்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தியாகராசன் அவரை இழுத்து உட்காரவைக்காத குறை.

ஆர்.டி.ஓ. தியாகராசனைப் பார்த்தார். "உங்க நிலத்து நோட்டீச நீங்களே பட்டுவாடா பண்ணியிருக்கீங்க. ஒங்களுக்கே இது தப்பாத் தெரியலையா?"

"ரூல் அப்புடித்தாங்க இருக்கு. நா என்னா செய்யறது" என்றார் தியாகராசன். அதில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை.

தாசில்தார் உத்தரவு ரத்து. மறுபடி விசாரிக்க வேண்டும், அதுவரை நிலத்தில் யாரும் என்னைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பு. இன்று காலை நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டினேன். விதை ஊறிக்கொண்டிருக்கிறது.

எனக்குச் சந்தோஷம் பாதிதான். நான் ஜெயிலுக்குப் போகாமல் சும்மா வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். பாலத்தில் நின்று கூப்பிட்டது என் காதில் விழுந்திருக்காது, கவரில் அதையேதான் எழுதியிருப்பார்கள். அதைப் பொய் என்று காட்ட ஒரு சீட்டும் என்னிடம் இருந்திருக்காது. சட்டப்படி நடந்துகொள்கிறவளுக்கு வழியில்லை, ஜெயிலுக்குப் போனவள்தான் தப்பிக்கிறாள். இது எந்த ஊர் நியாயம்?

மறுவிசாரணைக்கும் நோட்டீஸ் ரிஜிஸ்தர் தபாலில்தான் வருமாம். அதே முன்னறை, அதே முருகையன். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

உன் வேலை என்ன ஆயிற்று? மறைக்காமல் எழுது.

அக்கா
அம்சம்


மாயவரம்
7-7-1973

அக்காவுக்கு,

இந்தக் கவரைப் பார்த்தாயா? ரஹ்மத் பீவி கடைக்கு அனுப்பவில்லை. 'அம்சம், க/பெ வீரையன், காலனித் தெரு, ஆலங்கழனி' என்று எழுதி, ரிஜிஸ்தர் செய்து, ஒப்புகைக் கார்டும் வைத்து அனுப்புகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மறைக்காமல் எழுதச் சொன்னாய். என்னை நிரந்தரமாக்கவில்லை. குடும்பத்தில் ஒருவர் சிறை சென்றதை அப்போதே தெரிவிக்காததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. சோதனைக் காலத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டியிருக்கிறார்கள். என் விளக்கத்தில் அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், பிறகு 'உடன்பிறந்தவர்: அம்சம், மூத்த சகோதரி, கூலி உயர்வுக்காகச் சிறை சென்றவர்' என்று எழுதினேன்.

நீ பாதிச் சந்தோஷம் என்றாய். எனக்கு அதுவும் இல்லை. வாக்குமூலத்தின் நகலோடு சேர்த்துத் தியாகராசன் மீது நான் கொடுத்த புகாருக்குப் பதில் வந்திருக்கிறது. தபால் பட்டுவாடாவில் 'உள்ளூர் வழக்கத்தை' அனுசரித்ததால் ஏற்பட்ட தவறு, வேண்டுமென்றே செய்ததாக நிரூபணம் இல்லை, இனி கவனமாக இருக்கும்படி எச்சரிக்கப்பட்டார். அவ்வளவுதான். ஆறாம் பிரிவு அவர் தலைக்கு மேல் கூரை போட்டுக்கொடுத்துவிட்டது. பதினெட்டு வருஷம் ஒரு தெருவுக்குத் தபாலே கொடுக்கவில்லை என்று ஒருவர் கோர்ட்டில் நின்று பெருமையடிக்கிறார், அதற்கு வழக்கம் என்று பெயர் வைக்கிறார்கள். நான் மனப்பாடம் செய்த புத்தகத்தில் வழக்கம் என்று ஒரு பிரிவே கிடையாது, அக்கா. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் அந்தப் பதிலின் அடியில் ஒரு வரி இருக்கிறது. ரிஜிஸ்தர் தபால்களை விலாசதாரரின் இருப்பிடத்திலேயே பட்டுவாடா செய்ய வேண்டும் என்று தபால்காரருக்கு எழுத்து மூலம் உத்தரவு. அதை அவர்கள் நிறைவேற்றுகிறார்களா என்று தாலுக்கா நோட்டீஸ் வருகிற அன்றைக்குத் தெரிந்துகொண்டால் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் முந்திக்கொண்டு இந்தத் தபால். பாதை பழகட்டும்.

நீ பாலத்துக்குப் போகாதே. புங்கமரத்துப் பக்கமும் போகாதே. கூப்பிட்டால் பதில் சொல்லாதே. நடவு இருந்தால் சாயங்காலம் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பு. உன் வாசலுக்கு வந்து நீட்டினால் மட்டும் வாங்கு. முன்பு ஒரு தரம் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொன்னேன் அல்லவா? இதில் போடு. முழுப் பெயரையும் எழுது.

தம்பி
ரெத்தினம்


(ரெத்தினத்துக்குத் திரும்பி வந்த ஒப்புகைக் கார்டு)

மேற்படி ரிஜிஸ்தர் தபாலைப் பெற்றுக்கொண்டேன்.

பெறுபவர் கையொப்பம்: வீ. அம்சம்
தேதி: 11-7-1973

(கையொப்பத்துக்குக் கீழே, ஓரத்தில், அதே எழுத்தில்)

முருகையன் பாலத்தில் நின்று மூன்று தரம் கூப்பிட்டார். பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அரை மணி கழித்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்தார். தெருவே வெளியே வந்து நின்று பார்த்தது. என் வாசலில் வாங்கினேன்.